யார் ஓட்டில் வந்த இயக்குநர்?

சட்டப் பேராசிரியர்களின் கட்டுரைகளை இலக்கிய வாசகர்கள் தொடுவதில்லை. நான் உமாகாந்த் வரோட்டிலைத் தேடிப் படிக்கிறவன். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில் படித்து, பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனத்தில் பங்குதாரராக இருந்துவிட்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனவர். அவர் எழுத்தில் ஆவேசம் கிடையாது. ஓட்டை எங்கே என்று தெரிந்தவரின் நிதானம் உண்டு.

சார்பற்ற இயக்குநர்கள் பற்றி 2010இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையின் மையம் எளிமையானது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பங்குகள் பல்லாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கும். அங்கே பயம் மேலாளரைப் பற்றி. கண்காணிக்க ஒரு வெளியாள் வேண்டும். இங்கே பெரும்பாலும் புரமோட்டர் குடும்பத்திடம்தான் பிடி. பயப்பட வேண்டியவர் சிறு பங்குதாரர். ஆனால் அந்த வெளியாளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் புரமோட்டரிடமே! விற்காத ஃபிளாட்டுகளின் ஓட்டையெல்லாம் பில்டரே வைத்திருக்கும் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தவருக்கு (எங்கள் சிட்லபாக்கத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு) இதற்குமேல் விளக்கம் வேண்டாம். என் தொழில் பாஷையில், வேறு சர்வருக்கு எழுதிய கோடை அப்படியே காப்பி பண்ணிவிட்டோம். எரர் வரவில்லை, வேலையும் நடக்கவில்லை.

சிறுபான்மைப் பங்குதாரருக்கும் தேர்வில் பங்கு வேண்டும் என்பது அவருடைய தீர்வு. சரிதான், ஆனால் சத்யத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு இடறுகிறது. 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க போர்டு ஒப்புக்கொண்டது. புரமோட்டரிடம் இருந்தது பத்து சதவீதத்துக்கும் கீழே. போர்டிலோ கார்ப்பரேட் நிர்வாகத்தில் பெயர்பெற்ற ஹார்வர்ட் பேராசிரியர், வணிகப் பள்ளி டீன். தடுத்தது அவர்கள் இல்லை, கொதித்துப்போன முதலீட்டாளர்கள். ஓட்டு பலமே இல்லாத நிறுவனர் முன்னால் இவ்வளவு படித்தவர்கள் தலையாட்டியது ஏன்? அதைச் சட்டக் கட்டுரை மட்டும் சொல்லிவிட முடியாது. நாவலாசிரியர் யாராவது தொடவேண்டிய இடம் அது.

2022 ஜனவரி முதல் செபி விதிப்படி சார்பற்ற இயக்குநர் நியமனத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது 75 சதவீத ஓட்டு. புரமோட்டர் வைத்துக்கொள்ளக்கூடிய உச்சவரம்பும் 75 சதவீதம்தான். கணக்கு புரிகிறதா?

எஸ்ஐபி கட்டும் நாமெல்லாம் சிறு பங்குதாரர்களே. நமக்காக ஓட்டுப் போடுவது ஃபண்ட். எப்படிப் போட்டது என்பதை அது இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். என் ஃபண்டின் எக்செல் கோப்பில் இயக்குநர் நியமன வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். ஆதரவு, ஆதரவு, ஆதரவு. காரணம் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்.