திருத்திய ஆளுமைச் சோதனைகளும் ஒப்புமைச் சிக்கலும்

மருத்துவ உளவியலில் பயன்படும் ஆளுமை வினாநிரல்கள் அடிப்படையில் மொழிக் கருவிகளே. நோயாளி படிப்பது ஒரு கூற்று. அளிப்பது 'சரி' அல்லது 'தவறு' என்னும் விடை. ஆகவே சோதனையின் சொற்களைத் திருத்தும்போது கருவியும் மாறுகிறதா என்னும் வினா புள்ளியியலுக்கு மட்டுமன்றி மொழியியலுக்கும் உரியது. எம்.எம்.பி.ஐ. எனப்படும் மினசோட்டா பன்முக ஆளுமைச் சோதனை திருத்தப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்காவில் ஹாத்வே, மக்கின்லி ஆகியோர் உருவாக்கி 1940களின் தொடக்கத்தில் வெளிவந்த இச்சோதனையில் 550 கூற்றுகள் இருந்தன. 16 கூற்றுகள் இருமுறை இடம்பெற்றதால் 566 என எண்ணப்பட்டன. 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பில் 567 கூற்றுகள் உள்ளன. எண்ணிக்கையின் நெருக்கம் மாற்றத்தின் அளவை மறைக்கிறது. நம்மூர்க் 'கொலை கொலையாம் முந்திரிக்கா'யை ஒத்த, கைக்குட்டையைப் போட்டு ஓடும் சிறுவர் விளையாட்டைப் பற்றிய கூற்றுப் போல வழக்கொழிந்தவை நீக்கப்பட்டன, பாலினச் சார்புடைய தொடர்கள் மாற்றப்பட்டன, புதியன சேர்க்கப்பட்டன.

சொல் மாற்றமே விடைகளைப் பெரிதும் திரித்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால், திருத்திய கூற்றுகளையும் பழையவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு அவ்வேறுபாடு சிறிதே எனக் காட்டிற்று. பெரிய மாற்றம் இரண்டு இடங்களில் நிகழ்ந்தது. முதலாவது, அறிவுறுத்தல். பழைய பதிப்பு 'சொல்ல இயலாது' என விடுவதற்கு இடமளித்தது. புதியது இயன்றவரை எல்லாவற்றுக்கும் விடையளிக்கக் கோரியது. விடுபாடு குறையவே மூல மதிப்பெண் உயர இடமேற்பட்டது. இரண்டாவது, ஒப்பீட்டுக்கு அடிப்படையான நியமக் குழு. முன்னது மினசோட்டா மருத்துவமனைக்கு வந்த பார்வையாளர்களை முதன்மையாகக் கொண்டது. பின்னது பல மாநிலங்களைச் சேர்ந்த 2600 பேரைக் கொண்டது. இக்குழுவின் சராசரி பெரும்பாலான அளவுகோல்களில் உயர்ந்திருந்தமையால், அதே மூல மதிப்பெண் புதிய பதிப்பில் குறைந்த தர மதிப்பெண்ணாக மாறுகிறது. நோய்க்குறி எனக் கொள்ளும் எல்லை 70இலிருந்து 65ஆகக் குறைக்கப்பட்டதற்கு இது முக்கிய காரணம்.

இங்கு நம்பகத்தன்மையும் ஒப்புமையும் வேறுபடுத்தப்பட வேண்டும். ஊருக்கு ஊர் படியின் அளவு மாறுபட்டிருந்த காலத்தில் ஒவ்வொரு படியும் தன்னளவில் மாறாததே. எனினும் ஓரூரின் பத்துப் படி நெல் மற்றோரூரின் பத்துப் படிக்கு ஈடாகாது. அதுபோல ஒவ்வொரு பதிப்பும் மறுசோதனையில் சீரான முடிவைத் தரலாம். அதனால் இரண்டும் ஒன்றென ஆகிவிடாது. இரு பதிப்புகளும் ஒரு குழுவின் சராசரியில் இசைவதும், தனியொருவரின் உயர்ந்த இரு அளவுகோல்கள் மாறாதிருப்பதும் வெவ்வேறு செய்திகள். அவ்விரண்டும் ஏனைய அளவுகோல்களைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கும்போதுதான் இசைவு மிகுகிறது. நெருங்கியிருப்பின் பதிப்பு மாற்றமே நோயாளியை வேறொரு வகையில் சேர்த்துவிடக்கூடும்.

பழைய பதிப்பைக் கொண்டு பல பத்தாண்டுகளாகத் திரட்டிய விளக்கங்களைப் புதிய வரைவின் மேல் அப்படியே ஏற்றுவது இதனால்தான் பொருந்தாது. எல்லையருகே நிற்கும் ஒருவரின் மருத்துவம் அந்த விளக்கத்தையே சார்ந்திருக்கலாம். 2008இல் 338 கூற்றுகளுடனும், 2020இல் புதிய நியமக் குழுவோடு 335 கூற்றுகளுடனும் அடுத்த வடிவங்கள் வெளிவந்தமையால் சிக்கல் மேலும் விரிந்துள்ளது. மதிப்பெண்ணைத் தரும் அறிக்கை எதுவும் பதிப்பையும் நியமத்தையும் உடன் குறிப்பிட வேண்டும். அளவின் பெயர் இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை.