குறை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

'குறைதான் அழகு' என்று முடிகிற கவிதைகள் இப்போது இணையத்தில் நிறைய வருகின்றன. கோணல் பல், உடைந்த பானை, பிழையோடு எழுதிய கடிதம். வாசித்ததும் பிடித்துவிடும். எனக்கும் பிடிக்கும். ஆனா அடுத்த நாள் ஒரு சந்தேகம் வரும்: எந்தக் குறை?

நான் உத்திரமேரூர்க்காரன். எங்க ஊர்க் கல்வெட்டு இதற்கு நேர் எதிர்த் துருவம். பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், குடவோலையில் யார் பெயரையெல்லாம் எழுதக்கூடாது என்று நீளமாகச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கியது நியாயம். அவருடைய அத்தை மகன் என்ன பண்ணினான்? அவனும் வெளியேதான்.

குறையே கூடாது என்பது ஒரு கட்சி, குறையே அழகு என்பது இன்னொன்று. இரண்டையும் நான் சந்தேகிக்கக் காரணம் ஒரு மெல்லிய படலம்.

எங்க மாவட்டத்திலேயே, பிள்ளைப்பாக்கத்தில், 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறக்கப்பட்டது. அங்கே தயாராகும் சூரியத் தகடுகளில் கண்ணாடிமேல் காட்மியம் டெல்லுரைடு படலம் இருக்கும். தடிமன் சில மைக்ரான்தான். அது ஒரே படிகம் அல்ல, பொடிப்பொடிப் படிகங்கள் நெருக்கி நிற்கும் கூட்டம். அவற்றின் எல்லைகளில் அணுக்களின் பிணைப்பு முழுமையாக இருக்காது. ஒளி விடுவித்த எலக்ட்ரான் அங்கே சிக்கினால் மின்சாரமாக வெளியே வராது. அதனால்தான் இந்தப் படலத்தைக் காட்மியம் குளோரைடோடு சேர்த்து ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸில் சூடாக்குவது வழக்கம். குளோரின் எல்லைகளில் போய்ச் சேர்ந்து அந்தப் பொறிகளை அடக்குகிறது. அதைச் செய்யாத படலம் சோப்ளாங்கி.

அப்போ குறை கெட்டதா? அதுவும் இல்லை. 50 லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு சேர்த்தாலே, அறை வெப்பத்தில் மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் எலக்ட்ரான்கள் சுமார் 10 லட்சம் மடங்கு பெருகும். இதற்குத் தமிழில் 'மாசூட்டல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இந்தச் சொல்மேல் வருத்தம் உண்டு. வேலைக்கு அழைத்து வந்தவனை அழுக்கு என்கிறோமே!

காட்மியம் டெல்லுரைடில் நீண்டகாலமாகச் சேர்த்துவந்த செம்பைப் பாருங்கள். காட்மியத்தின் இடத்தில் உட்கார்ந்தால் தேவையான நேர்மின் துளைகளைத் தரும். அதே செம்பு அணுக்களுக்கு நடுவே இடுக்கில் போய் உட்கார்ந்தால் எலக்ட்ரானைக் கொடுத்து, தான் செய்த வேலையைத் தானே கெடுக்கும். போதாததற்கு, காலப்போக்கில் நகரவும் செய்யும். தனிமம் ஒன்றுதான், இடம்தான் வேறு.

விமர்சகனுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்குமா? ஒரு கதையில் பாத்திரம் 'வந்துட்டான்' என்றால் உயிர் ஓடுகிறது. அதே சொல் கதைசொல்லி தத்துவம் பேசும் பத்தியில் வந்தால், வாசிப்பு அங்கேயே சிக்கி நின்றுவிடலாம். பேச்சுமொழி கூடாது என்று விரட்டுகிறவரும், எல்லாமே மண்வாசனை என்று கொண்டாடுகிறவரும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

இனி 'குறைதான் அழகு' என்று யாராவது எழுதினால் சண்டைக்குப் போகமாட்டேன். அது எங்கே உட்கார்ந்திருக்கு, அங்கே என்ன வேலை செய்யுது என்று மட்டும் கேட்பேன்.