வாயாங்கில் கலிமாவைத் தேடுவோர்

ஜாவாவின் 'வாயாங் குலித்' என்னும் தோற்பாவை நிழற்கூத்தைப் பற்றி முஸ்லிம்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாதம் தவறாமல் இடம்பெறுகிறது. அத்தீவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது வலிமார்கள், சிறப்பாக சூனான் காலிஜாகா, இக்கூத்தை தஅவாவின் கருவியாக்கினார்கள். அதன் பெயர்களுக்குள்ளேயே அரபுச் சொற்களைப் பொதிந்து வைத்தார்கள் என்பதே அது. கூத்து முழுவதும் ஹராம் என்போருக்கு மறுமொழியாக இவ்வாதம் பயன்படுகிறது. 2022 பிப்ரவரியில் வாயாங் பற்றி ஒரு மார்க்கப் பேச்சாளர் சொன்ன கருத்து இந்தோனேசியாவில் பெரும் சர்ச்சையானபோதும் வலிமார்களின் பெயரே முன்வைக்கப்பட்டது. நோக்கம் நல்லது. சான்றும் நல்லதுதானா?

அரபு கற்பிப்பவன் என்ற முறையில் முதலில் பெயர்களைப் பார்க்கிறேன். பாண்டவர்க்குப் பணிவிடை செய்யும் கோமாளிகள் நால்வர்: செமார், காரெங், பெத்ருக், பாகோங். செமார் 'மிஸ்மார்' (ஆணி) என்பதிலிருந்தும், பெத்ருக் 'ஃபத்ருக்' (எனவே விட்டுவிடு) என்பதிலிருந்தும், பாகோங் 'பகா' (வரம்பு மீறினான்) என்பதிலிருந்தும் வந்தனவாம். ஓசை ஒப்புமையை மட்டும் நம்பி ஏவலையும் வினைமுற்றையும் ஆட்பெயராக்குவது, ஸர்ஃபு படிக்கும் முதலாண்டு மாணவனுக்கே உறுத்தும். அன்றியும் மஜபாஹித் காலத்துச் சுதமாலா கதையிலேயே செமார் வந்துவிடுகிறார்.

'கலிமாசாதா'வின் நிலை இதைவிடச் சுவையானது. தருமர் காத்துவரும் அற்புதச் சுவடியின் பெயர் அது. கலிமா ஷஹாதாவே இவ்வாறு திரிந்தது என்பர். ஆனால் கெடிரி அரசில் 1157இல் மபு செடா தொடங்கி மபு பனுலு முடித்த 'பாரதயுத்தம்' என்னும் பழஞ்சாவகக் காவியத்தில், தருமரின் சுவடி சமஸ்கிருதச் சாயலோடு 'கலிமஹோஷத' என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் கலிமாசாதாவின் கதை எஞ்சி நிற்கிறது என்பதே என் துணிபு. ஜாவா மக்கள் சொல்லும் அக்கதையில் தருமருக்குச் சாவு வருவதில்லை. கையிலுள்ள சுவடியை அவரால் படிக்கவும் முடியவில்லை. படித்துக் காட்டுபவரைத் தேடிக் காட்டில் அலைகிறார். சூனான் காலிஜாகா வந்து பிரித்துப் படிக்கிறார், உள்ளே கலிமா. அதை மொழிந்து தருமர் அமைதியாக உயிர் துறக்கிறார். இது வரலாறன்று. ஆயினும் புதிதாக இஸ்லாத்தை ஏற்ற ஒரு சமூகம் தன் முன்னோரோடு கொள்ள விரும்பிய உறவை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வேறொரு கதையை நான் அறியேன். பாட்டனின் சுவடியை அது எரிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவரைத் தேடியது. சொற்பிறப்பைக் காக்கப் போராடும் நம்மவரோ கதையைக் கவனிப்பதே இல்லை.

கூத்தின் அமைப்பிலும் இப்படிக் கவனிக்க வேண்டியது உண்டு. எருமைத்தோலில் செதுக்கிய பாவைகள், வெண்திரை, தலைக்கு மேல் தொங்கும் விளக்கு, கிடத்திய வாழைத்தண்டில் குத்தி நிறுத்திய வரிசைகள். இரவு முழுவதும் அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பவர் தாலாங் ஒருவரே. காமெலான் இசைக்குழுவும் அவர் குறிப்புக்கே அசைகிறது. தோன்றுபவை பல, இயக்குபவன் ஒருவன் என்ற உவமையை ஜாவாவின் 'சுலுக்' ஞானப்பாடல்கள் இங்கிருந்தே எடுத்தன. அரபுலகின் ஸூஃபிகளும் இதை அறியாதவர்களல்லர். இப்னுல் ஃபாரிள் தம் பெரிய தாஇய்யாவிலும், இப்னு அரபி ஃபுதூஹாத்திலும் நிழற்கூத்தைப் பேசுகிறார்கள். ஸலாஹுத்தீன் அய்யூபி அழைத்ததால் தயக்கத்தோடு இக்கூத்தைக் கண்ட காழி ஃபாழில், அரசுகள் வருவதையும் போவதையும் பற்றிய படிப்பினையை அதில் கண்டதாகச் சொன்னாரென ஒரு செய்தி உண்டு. அதே எகிப்தில் 1451இல் சுல்தான் ஜக்மக் பாவைகளை எரிக்க ஆணையிட்டதும் நம் வரலாறுதான்.

பெயர்களில் அரபைத் துருவும் இவ்வறிஞர்கள், அமீர் ஹம்ஸாவின் வீரக்கதைகளை நடத்தும் 'மெனாக்' கூத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது வியப்பளிக்கிறது. பாரசீகத்திலிருந்து மலாய் வழியே ஜாவாவுக்கு வந்த அக்கதைகளை மத்திய ஜாவாவில் மரப்பாவைகளைக் கொண்டும், லொம்பொக் தீவின் சாசாக் முஸ்லிம்களிடையே தோற்பாவைகளைக் கொண்டும் ஆடுகிறார்கள். அங்கே எந்தச் சொல்லையும் திருகிப் பார்க்க வேண்டியதில்லை.