கரைக்குக் காசு உண்டு, எல்லைக்கல்லுக்கு இல்லை

பல்லாவரம் - துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையில், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நாள் நின்றிருந்தேன். தெற்கே கோரைப்புல்லும் நீரும். நீலத் தாழைக்கோழி ஒன்று சேற்றில் கால் ஊன்றி, கோரைத்தண்டை மற்றொரு காலால் பிடித்துத் தூக்கி, அலகால் உரித்துத் தின்றுகொண்டிருந்தது. எட்டத்தில் பூநாரைகள் அலகைக் கவிழ்த்துச் சேற்று நீரை அலசின. வடக்கே பெருங்குடிக் குப்பை மேடு. காற்று திரும்பியதும் அந்த வாடை வந்துவிட்டது. நான் நின்ற சாலையும் பள்ளிக்கரணைக் கழுவெளியைக் குறுக்கே வெட்டிப் போட்டதுதான். சாலைக்கும் மக்கள் பணம், குப்பைக் கிடங்குக்கும் மக்கள் பணம், இன்று கழுவெளியை மீட்கச் செலவாவதும் அதே மக்கள் பணம்.

திறந்தவெளியையும் விளைநிலத்தையும் காட்டுயிர் வாழிடத்தையும் காக்க வரிப்பணத்தைச் செலவிடலாமா என்று கேட்டால், செலவிட்டே ஆக வேண்டும் என்பேன். வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சதுப்பு நிலத்துக்கு எந்தச் சந்தையும் விலை தருவதில்லை. அதை நிரப்பி மனை போட்டால்தான் விலை. அந்த இடைவெளியைப் பொதுப்பணம்தான் நிரப்ப முடியும். ஆனால் எதற்கு, எப்போது, யார் கைக்கு என்பதில்தான் நம் நடைமுறை மோசமாக இடறுகிறது.

தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து பள்ளிக்கரணையில் வந்து தங்கும். ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடல் சேரும். அறுபதுகளில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்திருந்த இந்த இடத்தில் இன்று மிஞ்சியது மிகச் சிறிய துண்டு. தனியார் ஆக்கிரமிப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அரசின் கையையும் சொல்லத்தான் வேண்டும். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், காற்றாற்றல் ஆய்வு நிறுவனம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பறக்கும் ரயிலின் பெருங்குடி நிலையம் ஆகியவை கழுவெளியின் மீதோ அதன் விளிம்பிலோ எழுந்தவை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து 'வெள்ள ஆபத்து' என்று சொல்லி அகற்றிய ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்த பெரும்பாக்கம் அடுக்குமாடிகளும் இந்தத் தாழ்நிலத்தில்தான் நிற்கின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதியே நீரில் கிடந்தது. ஆற்றங்கரை வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களைக் கழுவெளி வெள்ளத்தில் இறக்கிவிட்டோம். அந்த வீடுகளுக்குச் செலவான பணமும் 'மறுவாழ்வு' என்ற தலைப்பில்தான் எழுதப்பட்டிருக்கும்.

2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. 2018இல் ஐந்தாண்டுகளுக்கு 165 கோடி ரூபாய் மீட்புத் திட்டம் வந்தது. குப்பை மேட்டைக் கிளறிப் பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் பணிக்கு மாநகராட்சி சுமார் 350 கோடி ஒதுக்கியது. இவற்றை வீண் என்று தள்ள எனக்கு மனம் வராது. குப்பை கொட்டும் எல்லை முன்னேறாமல் நின்றது பெரிய காரியம். தூர் வாரிய இடங்களில் நீர் தேங்குகிறது, பறவை வருகிறது. காப்புக்காடு என்ற ஒரு சொல் விழுந்திராவிட்டால் அந்த 317 எக்டேரிலும் இந்நேரம் பால்கனிகள் தெரிந்திருக்கும்.

ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். கரை, நடைபாதை, வேலி, சுற்றுச்சூழல் பூங்கா, அறிவிப்புப் பலகை. கண்ணுக்குத் தெரிவது, நாடா வெட்டக்கூடியது, நிதியாண்டுக்குள் பில் போட முடிவது. எல்லைக்கல் நடுவதும், புல எண் வாரியாக அளந்து பதிவேட்டைத் திருத்துவதும், பட்டா நிலத்துக்காரருக்கு உரிய விலை கொடுத்துக் கணக்கை முடிப்பதும் அப்படிப்பட்ட வேலைகள் அல்ல. அவை மெல்ல நடக்கும், வழக்கு வரும், படம் பிடிக்க எதுவும் இருக்காது. 2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. பரப்பு 1,247 எக்டேர். காப்புக்காடாக இருப்பது அதில் பாதிக்குச் சற்று மேல்தான். மீதி எந்தெந்தப் புல எண்கள் என்பதை நிலத்தில் தெளிவாகக் குறிக்கும் வேலை மூன்று ஆண்டுகள் கழித்தும் முடியவில்லை. கட்டுமான அனுமதிகள் தொடர்பாக 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் சென்னை உயர் நீதிமன்றமும் தலையிட வேண்டி வந்தது. கோடிகள் செலவழித்த இடத்தில், அளவைச் சங்கிலிக்கு ஆள் அனுப்பவில்லை. வீடு வாங்க முன்பணம் கட்டிய நடுத்தரக் குடும்பத்துக்கும் இது அநீதி. எது சதுப்பு, எது மனை என்று அரசே சொல்லாதபோது அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

இந்தக் கோளாறு சென்னையோடு முடிவதில்லை. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுக்கும் நிறுவனங்கள் ஈடாகக் கட்டும் தொகைதான் 'காம்பா' நிதி. 2016இல் அதற்கென்று சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் மட்டும் மத்திய அரசு மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாற்றிக் கொடுத்தது. இவ்வளவு பெரிய பாதுகாப்பு நிதி இந்தியாவில் வேறில்லை என்றே நினைக்கிறேன். அதன் அடிப்படையே என்னை உறுத்துகிறது. காடு அழிந்தால்தான் அந்த உண்டியல் நிரம்பும். உத்தராகண்டில் இந்த நிதியில் ஐபோனும் மடிக்கணினியும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025இல் வெளிப்படுத்தியது. அந்த மோசடி செய்தியானது. முறைப்படி செலவான பணமும் தீங்கு செய்யலாம் என்பது செய்தியாவதில்லை. நீலகிரியின் புல்வெளிகளைத் 'தரிசு' என்று எழுதி, சீகையும் கற்பூர மரமும் நட்டது அரசின் நடவுத் திட்டங்கள்தான். சோலையும் புல்லும் சேர்ந்து தேக்கிய நீர் குறைந்தது. வரையாடு மேய்ந்த வெளி சுருங்கியது. இன்று அதே சீகையை வெட்டி அகற்ற இன்னொரு திட்டம், இன்னொரு ஒதுக்கீடு. மரம் நட்டால் பாதுகாப்பு என்று அலுவலகத்தில் ஒரு கணக்கு உறைந்துவிட்டது. மரமில்லாத வெளியும் வாழிடம் என்பதை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடிவதில்லை.

குறைந்த பணத்தில் நிறைந்த பலன் கிடைத்த இடமும் நம்மிடம் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று அங்குள்ளவர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை தீபாவளிதோறும் ஊராருக்கு இனிப்புக் கொடுக்கிறது. அந்த இனிப்புப் பொட்டலத்துக்கான செலவை எந்தக் கோடித் திட்டத்தோடும் ஒப்பிட முடியாது. வேடந்தாங்கலில் அந்தப் பொட்டலம்கூட இல்லாமல் தொடங்கியது. ஏரியில் பறவைகளைச் சுடும் வெள்ளைக்காரர்களைத் தடுக்கும்படி ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டரிடம் உரிமை ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு எரு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயன் ஊருக்கு, காவலும் ஊருடையது. இதைச் சொல்வதால் 'மக்களே பார்த்துக்கொள்வார்கள், பணம் வேண்டாம்' என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நிலத்தின் விலை ஏறாத காலத்து ஏற்பாடு அது. ஏரிக்கரை வரை மனைத் தரகர் வந்து நிற்கும் காலத்தில் நல்ல மனம் மட்டும் போதாது.

விளைநிலத்தில்தான் இது மிகக் கூர்மையாகத் தெரிகிறது. 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகைக்கென்று பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயுத் துரப்பணமும் உருக்காலைகளும் தோல் பதனிடுதலும் அங்கே புதிதாக வரக்கூடாது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் போராட்டங்களில் நின்ற மக்களின் வெற்றி அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. தஞ்சாவூரிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் பார்க்கலாம். நேற்று நாற்று நின்ற வயலில் செம்மண் கொட்டி, வெள்ளையடித்த கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, முகப்பில் ஒரு ஆர்ச். 'நகர்' என்று முடியும் ஒரு பெயர். ஓரத்தில் வாய்க்கால் பாதி தூர்ந்து கிடக்கும். அதன் கடைமடையில் இன்னும் உழுகிறவருக்குத் தண்ணீர் வராது. அடுத்து விற்பது அவர்தான்.

விற்றவரை நான் குறை சொல்ல மாட்டேன். உரம், கூலி, அறுவடை எந்திர வாடகை எல்லாம் ஏறி, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்து மழைக்குப் பயந்து காவல் கிடக்கிறவரிடம் 'மண்ணை விற்காதே' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் எடுக்க முனையும்போது அரசிடம் இழப்பீட்டுக்குப் பணம் இருக்கிறது. நிலத்தைக் கைவிடுகிறவருக்குத் தொகை உண்டு. கைவிடாமல் வைத்திருப்பதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது. சட்டம் அவர் கையைக் கட்டுகிறது, அதற்கு ஈடாகக் கருவூலம் அவர் கையில் எதையும் வைப்பதில்லை. ஊர் முழுவதற்கும் சோறும் நிலத்தடி நீரும் தரும் கடமையை ஒரு வகுப்பின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டி 1974இல் தொடங்கியது, மேரிலாண்டு 1977இல். நிலம் உழவரிடமே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். மனை போடும் உரிமையை மட்டும் அரசு விலைக்கு வாங்கி, அதைப் பத்திரத்தில் ஏற்றிவிடும். சந்தை விலைக்கும் வேளாண் விலைக்கும் உள்ள வித்தியாசம் உழவருக்குப் பணமாக வரும். கொலராடோவின் போல்டர் நகரத்தார் 1967இலேயே வாக்களித்து, திறந்தவெளி வாங்கத் தங்கள் மீதே விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள். மேரிலாண்டில் 1969 முதல் சொத்துக் கைமாறும்போது அரை சதவீத வரி இதற்கென்று வசூலாகிறது. மனை விற்பனை சூடுபிடிக்கும் ஆண்டில் நிலம் காக்கும் பணமும் கூடும் என்பது அதன் அழகு.

குறையும் உண்டு. போல்டரைச் சுற்றி வெளி காக்கப்பட்டது, ஊருக்குள் வீட்டு விலை சம்பளக்காரருக்கு எட்டாமல் போனது. மேரிலாண்டு அரசு பற்றாக்குறை ஆண்டுகளில் அந்த வரியைப் பொதுக் கணக்குக்குத் திருப்பிவிட்டது. அமெரிக்க மத்திய அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலர் என்று எழுதி வைத்தும், 2020இல் சட்டம் போட்டுப் பூட்டும் வரை பெரும்பாலும் முழுத் தொகை வந்து சேரவில்லை. பூட்டில்லாத தனி நிதி, அவசரத்துக்கு எடுக்கும் அஞ்சறைப்பெட்டிக் காசுதான்.

அந்த முறையை அப்படியே தஞ்சைக்குத் தூக்கி வர முடியாது. இங்கே ஒரு ஏக்கருக்கு நான்கு பங்காளிகள், கூட்டுப்பட்டா, கோயில் நிலம், மடத்து நிலம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பட்டாதாரருக்குப் பணம் போய், உழும் குத்தகைதாரர் வெறுங்கையோடு நின்றால் அந்தத் திட்டம் பழைய அநீதிக்கே சம்பளம் கொடுத்ததாகும். ஆகவே தொகையில் ஒரு பங்கு சாகுபடி செய்கிறவருக்கு என்று எழுதாமல் தொடங்கவே கூடாது. முழுப் படுகையையும் வாங்க எந்தக் கருவூலத்தாலும் முடியாது. ஆனால் பேருந்து நிலையம், புறவழிச்சாலை, புதிய மருத்துவக் கல்லூரி வரும் இடங்களைச் சுற்றி, வாய்க்கால் தலைப்பில் இருக்கும் நஞ்சைகளை மட்டும் முதலில் எடுக்கலாம். ஒரு தலைப்பு வயல் மனையானால் கடைமடை முழுவதும் போகிறது என்பதால், அங்கே கொடுக்கும் ரூபாய்க்குப் பலன் அதிகம். பணத்துக்கும் வழி இருக்கிறது. விளைநிலம் மனையாகப் பதிவாகும் ஒவ்வொரு பத்திரத்திலும் அரசு முத்திரைத் தீர்வை வாங்குகிறது. நிலம் போனதால் வந்த அந்த வருவாயில் ஒரு பகுதி நிலம் காக்கத் திரும்பட்டும், வேறு தலைப்புக்கு மாற்ற முடியாதபடி சட்டத்தில் பூட்டு வைத்து.

அதுவரை காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஏரியின், மேய்ச்சல் புறம்போக்கின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். அ-பதிவேட்டில் அதன் பரப்பு என்ன என்று அரசு இணையதளத்தில் பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, எல்லைக்கல் எங்கே இருந்தது என்று நடந்து பாருங்கள். பரப்பு குறைந்திருந்தால், அடுத்த கிராம சபையில், அளந்து கல் நடவும் அதற்குப் பணம் ஒதுக்கவும் தீர்மானம் கொண்டுவந்து, பதிவேட்டில் எழுதியாகும் வரை எழுந்து போகாதீர்கள்.