வெருகல் வீதியில் ஒரு லீற்றர்

2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அடுத்த மாதம் கியூஆர் முறை வந்தது: காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. பெற்றோல் மிச்சம் பிடிக்க ஆளுக்கொரு யோசனை சொன்ன காலம் அது. கியூஆர் 2023 செப்டெம்பரில் போய்விட்டது, யோசனைகள் போகவில்லை.

எரிபொருள் குழாயில் கட்டும் காந்தத்தை முதலில் கழித்துவிடலாம். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்ற கருவிகளில் நூற்றுக்கு மேல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்தது. மிகச் சிலவே சொற்பப் பலன் தந்தன. 92க்கென்று செய்த இயந்திரத்துக்கு 95 ஊற்றுவதும் வீண்செலவு.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய இயந்திரம் கியரில் இருக்கும்போது அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில் சும்மா ஓடவும் அதற்குப் பெற்றோல் வேண்டும். பாலங்களின் சரிவைத் தவிர்த்தால் நம் வீதியில் இறக்கம்தான் எங்கே?

ரயர் விஷயத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் சிறிய உண்மை. காற்று 10 பிஎஸ்ஐ குறைந்தால் பெற்றோல் சுமார் 2 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். அதற்காக அளவுக்கு மீறி அடிப்பவர்களும் உண்டு. வெள்ளம் வடிந்த வீதியில் பிடிப்பில்லாத ரயரின் விலை பெற்றோலை விட அதிகம். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவே போதும். காலையில், ரயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும்.

பெரிய கணக்கு வேகத்தில் இருக்கிறது. நம் வெருகல் வழியே போகும் மட்டக்களப்பு–திருகோணமலை ஏ15 வீதி தட்டையானது, நெடுந்தூரம் தடையில்லாதது. கால் தானாக அழுத்தும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 70இல் ஓடும் காரை விட 90இல் ஓடும் கார் 65 சதவீதம் அதிகத் தடையைத் தள்ளுகிறது. ஆடிக் கச்சான் 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே வீசினால் 70இல் போகிறவருக்கும் அதே கதிதான். சட்டம் அனுமதிப்பதும் 70தான் என்பதை இங்கே பலர் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஹைபிரிட்? பிரேக் பிடிக்கும் சக்தியை மின்கலத்தில் சேமிப்பது அதன் முக்கிய பலம். கொழும்பு நெரிசலில் அது பொன். அடிக்கடி நிற்காத இந்த வீதியில் அந்தப் பலம் சுருங்கும். பழைய வண்டியானால் மின்கலம் மாற்றும் செலவும் காத்திருக்கும். வெருகலில் இருந்துகொண்டு பெற்றோல் செலவுக்காக மட்டும் ஹைபிரிட் தேடுபவர், இருக்கிற காரையே முதலில் 70இல் ஓட்டிப் பார்க்கட்டும்.