ஒரே கிண்ணமும் தனிக் கிண்ணங்களும்: திருவிருந்து வழக்குகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு சமூகத்தின் உள்ளமைப்பை அறிய விரும்புபவர் அச்சமூகத்தினர் எவ்வாறு உண்கின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எவர் எவரோடு அமர்கின்றனர், எவர் பரிமாறுகின்றனர், எவர் உண்ட பின்னர் எவர் உண்கின்றனர், எவர் வாய் பட்ட பாத்திரத்தை எவர் தொட மறுக்கின்றனர் ஆகிய வினாக்களுக்கான விடைகள் அச்சமூகத்தின் படிநிலைகளைப் புலப்படுத்திவிடும். உண்பதையும் பருகுவதையும் வழிபாட்டின் நடுவில் வைத்துள்ள கிறிஸ்தவ சமயத்துக்கும் இது பொருந்தும். அப்பமும் திராட்சை இரசமும் வழங்கப்படும் அச்சடங்கினைத் திருச்சபைகள் ஒற்றுமையின் அடையாளமெனப் போதிக்கின்றன. ஆயினும் அதனை வழங்கும் முறையில் அவை பெரிதும் வேறுபட்டு நிற்கின்றன. இரசத்தை ஒரே கிண்ணத்திலிருந்து பருகுவதா, ஆளுக்கொரு சிறு கிண்ணத்திற் பருகுவதா என்ற பிரச்சினை வெளிப்பார்வைக்கு அற்பமானதாகத் தோன்றலாம். அதன் வரலாற்றை நோக்குமிடத்து இறையியல், மருத்துவம், வர்க்கம், நிறம், சாதி ஆகிய யாவும் அக்கிண்ணத்தைச் சுற்றி மோதியிருப்பதைக் காணலாம். இம்மோதல்களிலிருந்து பெறக்கூடிய விமர்சன அளவுகோல் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்களும் பொருளும்

தமிழில் இச்சடங்குக்கு வழங்கும் பெயர்களே முதலிற் கவனத்துக்குரியவை. கத்தோலிக்கர் இதனை ‘நற்கருணை’ என்பர். சீர்திருத்தத் திருச்சபையினரிடையே ‘திருவிருந்து’, ‘இராப்போசனம்’, ‘கர்த்தருடைய பந்தி’ ஆகிய பெயர்கள் பயில்கின்றன. முதற்பெயர் இறைவனிடமிருந்து பெறும் கொடையை வற்புறுத்துகின்றது. இராப்போசனம் என்பது இயேசு தம் சீடரோடு உண்ட இறுதி இரவை நினைவூட்டுகின்றது. பந்தி என்பதோ உண்போர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவைச் சுட்டுவது. ஆனால் தமிழர் வாழ்வில் பந்தி ஒருபோதும் நடுநிலையான சொல்லாக இருந்ததில்லை. முதற்பந்தி, கடைப்பந்தி என்ற வேறுபாடும், பந்தியில் இடமே பெறாதோர் என்ற பிரிவும் அச்சொல்லோடு கூடவே வந்தவை. சமபந்தி போசனம் ஒரு சீர்திருத்தக் கோரிக்கையாக எழ வேண்டியிருந்தமையே இதற்குச் சான்று.

இப்பிரச்சினை தமிழருக்கு மட்டும் உரியதன்று. அது கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் அடியார் எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் இதனைக் காட்டுகின்றது. அச்சபையிற் கூடியோருள் வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டனர், இல்லாதோர் பசியோடிருந்தனர். பவுல் இதனை வெறும் ஒழுங்கீனமாகக் கருதவில்லை. இல்லாதவரை வெட்கப்படுத்தும் உணவு ஆண்டவரின் உணவாக இருக்கமுடியாதென்பதே அவரது கண்டனம். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது அவர் கூறிய பரிகாரம். திருவிருந்து பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு வர்க்கப் பிணக்கின் நடுவே பிறந்ததென்பதை நாம் மறந்துவிடலாகாது.

மறுக்கப்பட்ட கிண்ணம்

இடைக்கால மேற்கு ஐரோப்பாவில் பொதுநிலையினர் அப்பத்தை மட்டும் பெறுவதும், குருவானவர் கிண்ணத்திற் பருகுவதும் படிப்படியாக வழக்காயின. இரசம் சிந்திவிடலாம் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். கிறிஸ்து அப்பத்திலும் இரசத்திலும் தனித்தனியே முழுமையாக உள்ளார் என்ற இறையியற் கருத்து இவ்வழக்குக்கு நியாயம் வழங்கிற்று. காரணம் பக்தியாயினும் விளைவு ஒரு படிநிலையே: கிண்ணத்தைத் தொடுவோர், தொடாதோர் எனத் திருச்சபை இரண்டாகியது.

இப்படிநிலையை எதிர்த்த குரல் பொகீமியாவில் எழுந்தது. 1414 இல் பிராக் நகரிற் பொதுநிலையினருக்கும் கிண்ணம் வழங்கப்படலாயிற்று. 1415 ஜூனில் கொன்ஸ்ரன்ஸ் பொதுச்சங்கம் அதனைத் தடைசெய்தது. அடுத்த மாதமே ஜோன் ஹஸ் அந்நகரில் எரியூட்டிக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியோர் கிண்ணத்தையே தம் கொடியிற் சின்னமாகப் பொறித்துப் போரிட்டனர். வழிபாட்டுப் பாத்திரமொன்று மக்கள் இயக்கத்தின் கொடியானமை சமய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. உழவரும் கைவினைஞரும் பெருந்தொகையாய்ப் பங்குகொண்ட அவ்வியக்கத்தில், குருவுக்குரியது எமக்கும் உரியது என்ற உணர்வைக் கிண்ணம் உருவகப்படுத்திற்று. 1562 இல் திரெந்து பொதுச்சங்கம், பொதுநிலையினர் கிண்ணத்திற் பருகுவது இறைகட்டளையாற் கடமையாக்கப்படவில்லை என வரையறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை இரு வடிவிலும் வழங்குதற்குச் சில சந்தர்ப்பங்களில் மீண்டும் இடமளித்தது 1963 இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏட்டிலேயாகும்.

சீர்திருத்தத் திருச்சபைகள் யாவும் கிண்ணத்தை மக்களுக்கு மீட்டளித்தன. எனினும் வழங்கும் முறையில் ஒன்றுபடவில்லை. லூதரன், அங்கிலிக்கன் சபைகளில் மக்கள் பீடத்தண்டை சென்று பெறுவர். சூரிச் நகரில் 1525 இல் சுவிங்ளி மரத் தட்டுகளிலும் மரக் கிண்ணங்களிலும் அப்பத்தையும் இரசத்தையும் மக்கள் அமர்ந்திருந்த இடத்துக்கே அனுப்பினார். பொன்னும் வெள்ளியும் தவிர்க்கப்பட்டன; மக்கள் கையிலிருந்து மக்கள் கைக்கே கிண்ணம் சென்றது. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளிலோ இரசத்தில் ஊறிய அப்பம் ஒரே கரண்டியால் எல்லோர் வாயிலும் இடப்படுகின்றது. இவை ஒவ்வொன்றும் குருவுக்கும் மக்களுக்கும் இடையிலான தூரம் பற்றிய ஒவ்வொரு கருத்தின் வெளிப்பாடு எனலாம்.

கிருமியும் வர்க்கமும்

தனிக் கிண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிற் பிறந்தது. அதற்கான நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது. 1869 இல் தோமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்த பல்வைத்தியர், புளிக்காத திராட்சைச் சாற்றைப் பாதுகாக்கும் முறையைக் கண்டார். மதுவிலக்கு இயக்கத்தினர் அதனைத் திருவிருந்துக்கு ஏற்றனர். 1882 இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமியை இனங்கண்டார். பலர் வாய்வைக்கும் கிண்ணம் இப்போது ஐயத்துக்குரிய பொருளாயிற்று. ஒகையோ மாநிலத்தில் போதகராகவும் வைத்தியராகவும் விளங்கிய ஜே. ஜி. தோமஸ் என்பவர் சிறு கிண்ணங்கள் கொண்ட தட்டுக்கு 1894 இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரத் திருச்சபைகளும் தனிக் கிண்ணத்தை ஏற்கத் தொடங்கின. 1909 இல் கன்சாஸ் மாநிலம் புகையிரதங்கள் போன்ற பொது இடங்களிற் பொதுக் குவளையையே தடைசெய்தது.

இதனை அறிவியலின் வெற்றியென மட்டும் கொள்வது போதாது. அக்காலத்து அமெரிக்க நகரங்களிற் குடியேறிய தொழிலாளர் பெருகினர். நடுத்தர வகுப்பினர் அவர்களை அழுக்கோடும் நோயோடும் இணைத்தே நோக்கினர். தனிக் கிண்ணம் பற்றிய அன்றைய விவாதத்தில் கிருமியச்சத்தோடு இவ்வர்க்க அச்சமும் கலந்திருந்தமையை டானியல் சாக் போன்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அயலவரின் உதடு அருவருப்பாயிற்று. அவ்வருவருப்புக்குச் சுகாதாரம் கண்ணியமான பெயரொன்றை அளித்தது.

அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. கிண்ணத்தின் விளிம்பிற் பற்றீரியாக்கள் தங்குவதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. துணியால் துடைக்கும்போது அவை பெருமளவு குறைவதும் அறியப்பட்டுள்ளது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்தோர் 1998 இல் மருத்துவ ஏடொன்றில் எழுதிய குறிப்பு, பொதுக் கிண்ணத்தால் நோய் பரவியதாகப் பதிவான சம்பவம் எதுவுமில்லை என்றும், ஆபத்து கொள்கையளவிலேயே உள்ளதென்றும் கூறிற்று. எனவே நோயுற்றோரையும் நோயெதிர்ப்புக் குன்றியோரையும் கருத்திற்கொண்டு எச்சரிக்கையாயிருப்பது நியாயம். ஆனால் அவ்வெச்சரிக்கை எவரைக் காக்க எழுந்தது, எவரைத் தவிர்க்க எழுந்தது என்ற வினாவைக் கேளாமல் விடமுடியாது.

‘சிலரின் பலவீனம்’

இவ்வினாவின் முழுப்பொருளையும் தென்னாபிரிக்க வரலாறு உணர்த்துகின்றது. அங்குள்ள டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை 1829 இல், நிற வேறுபாடின்றி யாவரும் ஒன்றாகவே திருவிருந்திற் பங்குபற்ற வேண்டுமெனத் தீர்மானித்திருந்தது. வெள்ளையர் சிலர் கறுப்பு, கலப்பின விசுவாசிகளோடு ஒரே பந்தியிற் பருக மறுத்தபோது, 1857 இன் மாமன்றம் அம்மறுப்புக்கு இடங்கொடுத்தது. கொள்கை மாறவில்லை, ‘சிலரின் பலவீனம்’ கருதித் தனி வழிபாடு அனுமதிக்கப்படுகின்றது என்பதே அது கூறிய நியாயம். 1881 இற் கலப்பினத்தவர்க்கெனத் தனித் திருச்சபையே நிறுவப்பட்டது. பலவீனருக்குக் காட்டிய சலுகை ஒரு தலைமுறைக்குள் நிறுவனமாயிற்று. பின்னர் நிறவெறி ஆட்சிக்குச் சமய நியாயமும் ஆயிற்று.

ஒரு நூற்றாண்டின் பின்னர் அதே பந்தியில் விடை கிடைத்தது. 1982 இல் ஒட்டாவாவிற் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் பேரவையில், தென்னாபிரிக்கப் பிரதிநிதிகள் சிலர் திருவிருந்திற் பங்குகொள்ள மறுத்தனர். தாயகத்தில் எம்மோடு பருக மறுப்போருடன் இங்கு மட்டும் பருகுதல் பொய் என்பது அவர்கள் நிலைப்பாடு. அப்பேரவை நிறவெறியை நியாயப்படுத்துவதைச் சமயப் புரட்டெனக் கண்டித்து, வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. பருக மறுத்தலும் சில வேளைகளில் திருவிருந்தின் மெய்ப்பொருளைக் காக்கும் செயலாகலாம் என்பதை இது காட்டுகின்றது.

எச்சிலும் இரட்டைக் குவளையும்

தமிழ்ச் சூழலுக்கு வருவோமாயின், கிருமியச்சத்துக்கு மிக முந்தியது எச்சில் பற்றிய அச்சம். செம்பில் வாய்வையாது அண்ணாந்து குடித்தல் நம்மவரின் பழைய வழக்கம். ஒரே கிண்ணத்திற் பலர் வாய்வைப்பது இங்கு எச்சிற் கலப்பு. சாதியடுக்கில் அது தீட்டும் ஆகும். எனவே தமிழ்க் கிறிஸ்தவர் மத்தியில் திருவிருந்து சாதிக்கு நேரடியான சவாலாக அமைந்தது. அச்சவாலைச் சபைகள் நெடுங்காலம் சமரசத்தால் தணித்தன. தஞ்சாவூர் முதலிய இடங்களில் உயர்சாதியினர் வேறாக அமர்ந்து, கிண்ணத்தையும் முதலிற் பெற்றனர். 1833 இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி அறவே ஒழியவேண்டுமெனக் கட்டளையிட்டபோது பலர் சபையை விட்டு விலகினர். கவிஞர் எனப் புகழ்பெற்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும், சாதி வழக்கங்களை மாற்ற முயன்ற மிஷனரிமாரை எதிர்த்தவர்களுள் ஒருவர். பக்தியும் புலமையும் சாதிப்பற்றோடு ஒரே நெஞ்சில் வாழக்கூடியன என்பதற்கு அவர் உதாரணம்.

இங்குதான் பொதுக் கிண்ணத்தை அளவுமீறிப் போற்றுவோரின் வாதம் தளர்கின்றது. கிண்ணம் ஒன்றே, ஆனால் உயர்சாதியினர் பருகி முடிந்த பின்னரே மற்றவரிடம் வருகின்றது. இத்தகைய ஒரே கிண்ணம் பந்தியின் படிநிலையைப் புனிதப்படுத்துவதன்றி வேறென் செய்யும்? மறுபுறம், யாவரும் ஒரே நேரத்தில் ஒரே அளவான சிறு கிண்ணங்களை உயர்த்திப் பருகும் சபையில், காத்திருத்தல் என்ற பவுலின் கட்டளை ஓரளவுக்கேனும் நிறைவேறுகின்றது.

ஆயினும் தனிக் கிண்ணத்திற்கும் ஓர் ஆபத்துண்டு; அதனைத் தேநீர்க் கடை கற்பிக்கின்றது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் வேறாக வழங்கிய வழக்கை 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தால் மட்டும் ஒழிக்க முடியவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஊர்வலத்தைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் அதற்குத் தேவைப்பட்டன. தமிழகத்தில் இது ‘இரட்டைக் குவளை முறை’ எனப் பெயர்பெற்றது. குடித்ததும் எறியும் குவளை யாவர்க்கும் வந்துவிட்டால் இரட்டைக் குவளை மறைந்துவிடும்; ஆனால் ஒருவர் குடித்த குவளையில் மற்றவர் குடிக்கலாமா என்ற வினாவும் விடைபெறாமலே மறைந்துவிடும். தனிக் கிண்ணம் இவ்வகையில் பிரச்சினையைத் தீர்க்காமலே அதன் அடையாளத்தை அகற்றவல்லது.

அளவுகோல்

1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை அங்கிலிக்கன், மெதடிஸ்த, கொங்கிரிகேசனல், பிரஸ்பிற்றேரியன் மரபுகளை ஒன்றிணைத்தது. அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதிற் சேர்ந்தது. கிண்ணம் ஒன்றா பலவா என்பது ஒற்றுமைக்குத் தடையாகவில்லை. 2020 இல் கொவிட் பெருந்தொற்றுப் பரவியபோது, இங்கிலாந்துத் திருச்சபை கிண்ணத்தை மக்களுக்கு வழங்குவதை நிறுத்தியது. தேவை ஏற்படின் விலக்களிக்கும் 1547 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் துணையாயிற்று. கிரேக்கத் திருச்சபையோ பொதுக் கரண்டியைக் கைவிட மறுத்தது. இரு முடிவுகளையும் வடிவத்தை மட்டும் கொண்டு மதிப்பிடல் இயலாது. முதியோரைக் காப்பதற்காகக் கிண்ணத்தைத் துறப்பது அன்பின் செயலாகலாம்; அதே துறப்பு மீண்டும் குருவை மட்டும் பருகவிடுமாயின் கொன்ஸ்ரன்ஸின் நிழல் அங்கே விழுகின்றது.

ஆகவே கிண்ணங்களின் எண்ணிக்கை இரண்டாம்பட்சமானதே. எவருடைய அச்சத்துக்காக வழக்கு மாற்றப்பட்டது, அம்மாற்றத்தின் சுமையை எவர் தாங்கினர் என்பனவே விமர்சகர் கேட்கவேண்டிய வினாக்கள். வலுவற்றவரைக் காக்க வலுவுடையோர் தம் வழக்கை விட்டுக்கொடுப்பின் அது திருவிருந்து. வலுவுடையோரின் அருவருப்பைக் காக்க வலுவற்றோர் ஒதுக்கப்படின், கிண்ணம் பொன்னாயினும் மரமாயினும் கண்ணாடியாயினும், அது கொரிந்துச் சபையின் பழைய பந்தியே. சடங்குகளின் சமூகப் பொருளை ஆராய முற்படும் எவரும், கிண்ணத்தை நோக்குவதோடு நின்றுவிடாது, அது கைமாறும் ஒழுங்கையும் அந்த ஒழுங்கில் இறுதியாக நிற்பவரையும் நோக்குதல் வேண்டும்.