யாருக்கான கேக், யாருடைய ஞாயிறு

சென்ற ஆண்டு என் அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். திருமணத் தகவல் நிலையத்தின் படிவத்தை அவளே நிரப்பிக்கொண்டிருந்தாள். சாதி, நட்சத்திரம், உயரம், படிப்பு, சம்பளம் எல்லாம் எழுதியாயிற்று. ‘பொழுதுபோக்கு’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. “அத்தை, இதுல என்ன எழுத?” என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு. ஒன்று, கேக் செய்வது. மற்றது, மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமைகளில் தோழிகளோடு பஸ் ஏறி ஏதாவது ஓர் ஊரைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவது. நான் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னார்: “கேக் பண்ணுவேன்னு எழுது. ஊர் சுத்துறதை எல்லாம் எழுதி வைக்காதே.”

அதே நிலையத்திலிருந்து வந்திருந்த ஆண்களின் படிவங்கள் மேசைமேல் கிடந்தன. பைக் பயணம், மலையேற்றம், கிரிக்கெட் என்று எழுதியிருந்தார்கள். ஊர் சுற்றுவது அவர்களுக்குத் தகுதி. அவளுக்கோ மறைக்க வேண்டிய பழக்கம். அண்ணியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தை யார் வாசிப்பார்கள், எப்படி வாசிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கேக் என்று எழுதினால், இந்தப் பெண் சமைப்பாள், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்க வேண்டியதில்லை என்று வாசிப்பார்கள். பயணம் என்று எழுதினால், இவள் வீட்டில் தங்கமாட்டாள் என்று வாசிப்பார்கள். ஒரு பெண்ணின் பொழுதுபோக்கை நம் சமூகம் எடைபோடும் விதம் இதுதான். அதனால் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதே முதல் கேள்வி. நம் திரைப்படங்களும் இதையேதான் கேட்கின்றன என்பது என் வாதம். பெண்ணின் பக்கம் நிற்பதாக நாம் கொண்டாடிய படங்களும் இதற்கு விலக்கல்ல.

பொழுதைப் போக்க வேண்டுமானால் முதலில் பொழுது கையில் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் சராசரியாக நாளுக்கு 289 நிமிடங்களும் ஆண் 88 நிமிடங்களும் செலவிடுவதாகச் சொல்கிறது. அந்த ஆணின் கணக்கும், வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களை மட்டும் சேர்த்துப் போட்ட சராசரி. இடைவெளி 201 நிமிடங்கள். மாவை அளந்து, கலந்து, வேகவைத்து, ஆறவைத்து ஒரு கேக்கைத் தட்டில் எடுத்துவைக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஒவ்வொரு நாளும் ஒரு கேக்குக்கான நேரம் பெண்ணின் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

வார விடுமுறையும் தானாக வந்ததல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டேயின் தலைமையில் போராடி 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். அந்தக் கோரிக்கைக்காகக் கூடிய பெருங்கூட்டத்தில் பெண் தொழிலாளர்கள் இருவரும் பேசினார்கள். ஆலைக்கு ஞாயிறு வந்தது. அடுப்படிக்கு வரவில்லை. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நாள் என்பதால் கறியும் மீனும் பலகாரமுமாக அங்கே வேலை கூடியது.

சமையலே ஓயாத வேலையாக இருக்கும்போது, அதே அடுப்படியில் போய்க் கேக் செய்வது எப்படி ஓய்வாகும் என்று மாணவிகள் கேட்பதுண்டு. செய்து பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியும். சாம்பாருக்கும் மீன்குழம்புக்கும் நம் வீடுகளில் ஒரு வரலாறு இருக்கிறது. மாமியாரின் கைப்பக்குவம், பாட்டியின் கண்ணளவு, “எங்கம்மா வச்சா வேற மாதிரி இருக்கும்” என்ற கணவனின் பெருமூச்சு எல்லாம் அதில் கலந்திருக்கும். கேக்குக்கு அந்தச் சுமை பெரும்பாலான தமிழ் வீடுகளில் இல்லை. யாருடைய அம்மாவும் அதை இதைவிட நன்றாகச் செய்திருக்கவில்லை. அதைச் செய்யாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதுமில்லை. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிய குக்கரில் மணலோ உப்போ பரப்பிக் கேக் வேகவைத்த ஒரு தலைமுறைப் பெண்கள், வீட்டில் யாரும் கேட்காத ஒன்றை முதல்முறையாகச் செய்து பார்த்தார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடிப்பது, மைதாவைச் சலித்துச் சேர்ப்பது, பாதியில் திறந்தால் நடுவில் அமுங்கிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எல்லாம் கற்றுக்கொள்ளும் மனதின் வேலைகள். தவறினால் ஏன் தவறியது என்று யோசிக்கலாம். குழம்பில் உப்பு கூடினால் கிடைக்கும் வசவு இதற்கு இல்லை.

கேக்கைச் சமத்துவப் பண்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. முட்டை சேர்க்கலாமா என்ற கேள்வியோடு சாதி பல வீடுகளுக்குள் நுழைந்துவிடுகிறது. தனியாக ஒரு பாத்திரம், தனியாக ஒரு கரண்டி, முட்டை வந்துபோன சுவடே தெரியாமல் கழுவி வைக்க ஒரு வேலைக்காரப் பெண் என்று அது வளரும். ஆனாலும், தன் விருப்பத்துக்காக அளந்து, தவறி, திரும்பவும் செய்து பார்க்கும் அந்த மூன்று மணி நேரம் ஒரு பெண்ணின் கையில் இருப்பது சிறிய விஷயமல்ல.

நம் திரைப்படங்கள் இந்த நேரத்தை எப்படிக் காட்டியிருக்கின்றன? கௌரி ஷிண்டே இயக்கிய ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ (2012) தமிழிலும் வந்து நம் வீட்டுப் பெண்களை அழவைத்த படம். அதன் சசி லட்டு பிடிப்பதில் தேர்ந்தவள். விற்கவும் செய்கிறாள். அவள் லட்டு பிடிக்கவே பிறந்தவள் என்று கணவன் மற்றவர்கள் முன்னால் சொல்லும்போது, பாராட்டுப்போல ஒலிக்கும் அந்தச் சொல் அவளைக் குத்துவதைப் படம் நுட்பமாகக் காட்டுகிறது. நியூயார்க்கில் யாருக்கும் சமைக்க வேண்டாத பகல்பொழுதுகளில் அவள் தனியாக நகரத்துக்குள் போய்வருகிறாள். ஸ்ரீதேவியின் முகம் அந்தக் காட்சிகளில் மெல்ல மெல்ல விரிவதைப் பார்க்க வேண்டும். ஆனால் முடிவை நோக்கிப் படம் எங்கே திரும்புகிறது? தேர்வு நாளில், திருமணத்துக்காகப் பிடித்த லட்டுகள் மகனின் விளையாட்டால் பாழாகின்றன. கடையில் வாங்காமல், தேர்வையும் விட்டுவிட்டு, அவள் மறுபடியும் லட்டு பிடிக்கிறாள். தன் கைவேலைமேல் அவளுக்குள்ள மரியாதை என்று படம் இதைச் சொல்கிறது. எனக்கு அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் குடும்பத்துக்கான பலகாரத்துக்கும் மோதல் வந்தபோது பலகாரம் வென்றது. அதன்பின் கிடைக்கும் சான்றிதழ் அந்தத் தோல்வியை இனிப்பாக்கித் தருகிறது.

‘36 வயதினிலே’ (2015) வசந்தி மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கிறாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அவளுக்கு ஒரு நிறைவு இருந்திருக்க வேண்டும். படத்துக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை. பெரிய திருமணத்துக்குக் காய்கறி ஆர்டர், மேடைப் பேச்சு, குடியரசுத் தலைவருடன் சந்திப்பு என்று அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது. அவளைக் கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். நாமும் கைதட்டினோம். நாட்டின் முதல் குடிமகன் அழைத்தால்தான் ஒரு பெண்ணின் மாடித்தோட்டத்துக்கு மதிப்பு என்றால், யாரும் அழைக்காத மற்ற மாடிகளில் செடி வளர்க்கும் பெண்களுக்கு இந்தப் படம் சொல்வது என்ன? வெற்றி பெற்ற பொழுதுபோக்கைத்தான் நம் சினிமா மன்னிக்கிறது. சுமாராகக் கேக் செய்கிற, அதைச் சந்தோஷமாகச் செய்கிற ஒரு பெண்ணை மையமாக வைத்த ஒரு தமிழ்ப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

திரைக்கு வெளியிலும் இதே அவசரம்தான். 2020 ஊரடங்கில் ஏராளமான பெண்கள் கேக் செய்யக் கற்றார்கள். கற்ற மறுவாரமே “இவ்வளவு நல்லா பண்றியே, விக்கலாமே” என்ற யோசனையும் வந்தது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத வீட்டுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் போதும் என்ற விதி அதற்கு உதவியது. வேலை போன வீடுகளை அந்த வருமானம் தாங்கியதை நான் மதிக்கிறேன். சொந்தக் காசு கையில் இருப்பது பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று இந்தத் தொகுப்பை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அடுத்த நாள் ஆர்டருக்குக் க்ரீம் பூசிக்கொண்டிருப்பவளிடம் “உனக்குப் பிடிச்ச வேலைதானே” என்று சொல்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பிடித்த வேலை என்று பெயர் வைத்துவிட்டால் அவள் களைப்பைப் பற்றிப் பேசமுடியாது. மற்ற வேலைகளை வீட்டில் யாரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுமில்லை.

இனி, அண்ணி எழுத வேண்டாம் என்ற அந்த இரண்டாவது விருப்பம். குடும்பத்தோடு வெளியே போவதும் பயணம்தானே என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். விடியுமுன் எழுந்து கிளறிய புளியோதரையும், தண்ணீர் பாட்டில்களும், குழந்தையின் மாற்றுத்துணியும் ஒரு பையில் இருக்கும். பைக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அலையில் நின்றுவிட்டு வருவார்கள். அவர் பையைப் பார்த்துக்கொள்வார். அவருடைய அடுப்படி அன்று கடற்கரைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிரம்மா இயக்கிய ‘மகளிர் மட்டும்’ (2017) இந்தப் பையைக் கீழே வைக்கச் சொன்ன படம். பிரிந்துபோன பள்ளித் தோழிகள் மூவர் நடுவயதுக்குப் பின் ஒன்றுசேர்ந்து ஊர் சுற்றப் போகிறார்கள். ஊர்வசியும் பானுப்பிரியாவும் சரண்யாவும் சேர்ந்து சிரிப்பதைப் பார்க்கவே அதற்குப் போகலாம். குறையும் உண்டு. வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் பெண் திட்டம் போட்டு அழைத்துப்போனால்தான் அவர்களால் கிளம்ப முடிகிறது. ஆனாலும் மேலே சொன்ன இரண்டு படங்களும் செய்யத் துணியாத ஒன்றை இது செய்கிறது. இந்தப் பெண்கள் பயணத்தில் எதையும் சாதிக்கவில்லை. பரிசு இல்லை, மேடை இல்லை. வெறுமனே போகிறார்கள்.

இந்த ‘வெறுமனே’வை ஓர் உரிமையாக முன்வைத்த நூல் ‘ஒய் லாய்ட்டர்?’ (2011). ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து எழுதியது. பெண் பொதுவெளியில் இருக்க எப்போதும் ஒரு காரணம் காட்டவேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் இருக்கும் உரிமையே முழு உரிமை என்பது அதன் மையக்கருத்து. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. “சும்மா பஸ்ல சுத்துறாங்க” என்ற ஏளனத்தை அதன்பின் எத்தனை முறை கேட்டிருப்போம்! வேலைக்கும் மருத்துவமனைக்கும்தான் போகிறார்கள் என்று நாம் அவசரமாகப் பதில் சொன்னோம். இன்று யோசித்தால், சும்மா சுற்றினால்தான் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேக்கும் வார இறுதியும் வசதியுள்ள பெண்களின் கவலை என்பவர்களுக்கும் பதில் இந்தப் பேருந்தில் இருக்கிறது. ஆறு நாள் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண் ஏழாம் நாள் காசில்லாமல் கடற்கரைக்குப் போய் உட்கார முடிவது ஓய்வைப் பற்றிய அரசியல். நம் வீட்டுக் கேக் தட்டைக் கழுவுவதும் அவர்தான் என்றால், அவருடைய ஞாயிறு நம் பொறுப்பும்கூட.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில், சமையலறையைக் கொஞ்சம் வசதியாக மாற்றலாமே என்று மருமகள் மீனாட்சி சொல்கிறாள். வெளியே மலை தெரியும் இடம் அது. பிறகு அங்கே துணி உலர்த்தக் கொடி கட்டப்படுகிறது, மலை மறைந்துபோகிறது. நான் பேசிவந்த இரண்டு விருப்பங்களும் அந்தக் காட்சியில் இருக்கின்றன. சமைக்கும் இடம் தன் விருப்பப்படி இருக்க வேண்டும். அங்கிருந்து மலையும் தெரிய வேண்டும். முதலாவதைக் கேட்டதற்கே இரண்டாவதையும் பறித்துவிடுகிறார்கள்.

அண்ணன் மகள் அன்று கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்தாள். இரண்டு நாள் கழித்துப் படிவம் என் கைக்கு வந்தபோது ‘கேக் செய்தல், ஊர் சுற்றுதல்’ என்று எழுதியிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை. “போற அன்னைக்கு என்னையும் கூட்டிட்டுப் போடி” என்று மட்டும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவர்கள் நால்வராகப் போனார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போகவில்லை.